எந்தக் காற்றில் நடப்பது?

"எந்தக் காத்துல நடக்கப் போறத்தா?"

மாமா கேட்ட முதல் கேள்வி இது. சேதுக்கரைக்குப் பக்கத்தில் அவர் வீட்டுத் திண்ணையில், ராமநாதபுரம் மாவட்ட வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய் விரித்திருந்தேன். பறந்துவிடாமல் இருக்க ஒரு மூலையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு மூலையில் அத்தையின் வெற்றிலைப் பெட்டி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வழிகளைப் பேனாவால் வரைந்து வைத்திருந்தேன். ஐந்தாறு நாள், தனியாக, கடலை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். மூன்றில் எது கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று அவர் சொல்லுவார் என நினைத்துப் போயிருந்தேன். முப்பது வருடம் நாட்டுப்படகில் போனவர். தாளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"மாசியில மாமா. ஆபீஸ்ல ஆறு நாள் லீவு சொல்லியிருக்கேன்."

"மாசின்னா வாடை இன்னும் கிடக்கும். ஆண்கடல் பக்கமா நட. பெண்கடலை ஆடிக்கு வச்சுக்க."

அத்தோடு பச்சைக் கோடு அடிபட்டுப்போனது.

இந்தப் பக்கம் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டம் இலங்கையை நோக்கி நீட்டிய விரல் மாதிரிக் கடலுக்குள் கிடக்கிறது. விரலுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரைக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள். பெண்கடலில் ஆழம் குறைவு, அலையும் சிறியது. ஆண்கடல் ஆழமானது, இரைச்சலும் அதிகம். ஆனால் வருடம் முழுக்க இரண்டும் அப்படியே இருப்பதில்லை. ஐப்பசி முதல் வடகிழக்கிலிருந்து வாடை வீசும்போது பெண்கடல்தான் பொங்கும். நிலத்தின் மறைவில் இருக்கும் ஆண்கடல் கரை குளம் மாதிரி அடங்கிவிடும். வைகாசிக்குமேல் தென்மேற்கிலிருந்து கச்சான் கிளம்பினால் எல்லாம் தலைகீழ். மீனவர்கள் அதற்கேற்பப் படகையும் வலையையும் தூக்கிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இடம் மாறுவது இங்கே பழைய வழக்கம். நடப்பவருக்கும் அதே கணக்குதான் என்று மாமா சொன்னபோது, இதை நானாக யோசிக்காமல் விட்டோமே என்று இருந்தது.

எனக்கு 48 வயது. மதுரையில் கணக்கு எழுதும் வேலை. அம்மா பிறந்தது இந்தக் கரையில். சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க இங்கேதான். ஆனாலும் ஒரு ஊர்க் கரையிலிருந்து அடுத்த ஊர்க் கரைக்கு நான் நடந்து போனதே இல்லை. பேருந்தில் போவோம், பனைமரங்களுக்கும் உடைமரங்களுக்கும் இடையில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்து மறையும். அந்தக் கீற்றை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பல வருடமாக உள்ளே கிடந்தது. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே நீளமானது. முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க என் காலும் விடுப்பும் போதாது. ஆகவே எந்தத் துண்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நடந்தது ஐந்து நாள்தான். தேர்ந்தெடுக்க நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்தைத்தான் இங்கே எழுதத் தோன்றுகிறது.

சிவப்புக் கோடு மண்டபத்தில் தொடங்கி, பாம்பன், ராமேஸ்வரம் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போனது. கேட்ட பேரெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். படங்களில் பார்த்தவர்களுக்கு அதைத் தவிர வேறு கரை தோன்றாது. எனக்கும் அந்த இடத்தின் மேல் தீராத பிரியம் உண்டு. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து, தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாசஞ்சர் ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. முருகைக்கல்லால் கட்டிய மாதாகோயிலின் சுவர் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தால், கல்லுக்குள் பவளப்பூச்சி கட்டிய சின்னச் சின்ன அறைகள் விரல் நுனிக்குத் தெரியும்.

இருந்தும் பல நாள் தனிநடைக்கு அந்த வழி வேண்டாம் என்று முடிவுசெய்தேன். மண்டபத்திலிருந்து தீவுக்குள் போகச் சாலைப் பாலத்தின் ஓரத்தில், வண்டிகளை ஒட்டியே நடக்க வேண்டும். அரிச்சல்முனை வரை 2017-லிருந்து தார்ச்சாலை இருப்பதால் பகல் முழுக்க வேன்களும் பேருந்துகளும் ஓடுகின்றன. மாலைக்குமேல் யாரையும் அங்கே இருக்க விடுவதில்லை. வந்த வழியே திரும்பியாக வேண்டும். இரவு தங்க வழியில்லாத இடத்தைப் பல நாள் நடையின் முடிவாக எப்படி வைப்பது? அதனால் அதற்கு ஒரு தனி நாள் ஒதுக்கினேன். தை மாதத்தில் ஒரு விடியலில் போய், ஒரு பக்கம் ஆண்கடலும் மறுபக்கம் பெண்கடலுமாக நடந்துவிட்டு, மதியத்துக்குள் திரும்பினேன். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். சாலையிலிருந்தே பார்க்கலாம், கிட்டப் போய் எழுப்பிவிட வேண்டாம். வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் வீண் செலவு.

பச்சைக் கோடு பெண்கடல் பக்கம், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக ஆற்றங்கரை வரை. மாமா சொல்வதற்கு முன்பே நான் அதில் ஒரு நாள் நடந்து பார்த்திருந்தேன். அது கார்த்திகை மாதம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைக் கும்பிட்டுவிட்டு வடக்கே கிளம்பினேன். வரைபடத்தில் கரை வழுவழுப்பான கோடாக இருந்தது. காலுக்கு அப்படி இல்லை. ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டேன். கரையில் ஒதுங்கிய கடல்தாழை என்ற கடற்புல் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போகலாம் என்று தண்ணீர் ஓரமாக இறங்கினேன். முதல் அடி கணுக்கால், இரண்டாவது அடி முழங்கால். காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே இருந்தது. குப்புறப் படுத்து, கையை முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுச் செருப்பை எடுத்தேன். அப்போது சுற்றுமுற்றும் ஆள் இல்லை. தனியாக நடப்பது என்றால் என்ன என்று அந்தக் கால்மணி நேரத்தில் புரிந்தது. வீடு திரும்பிய பிறகு யோசிக்க யோசிக்கத்தான் பயம் வந்தது.

அந்தச் சேற்றின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆழமில்லாத, வெயில் அடிவரை இறங்கும் கடல் என்பதால்தான் அங்கே தாழை தழைக்கிறது. தாழை இருப்பதால்தான் ஆவுளியா இருக்கிறது. கடற்பசுவுக்குக் கரைக்காரர்கள் வைத்த பெயர் அது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரையின் அருமை தெரியும். அங்கே படகில் போவதுதான் முறை. மழை முடிந்த கையோடு நடக்கப் போனது என் பிழை.

மிஞ்சியது நீலக் கோடு. மண்டபத்தை அடுத்த வேதாளையில் தொடங்கி மேற்கே புதுமடம், பெரியபட்டினம், சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர், மூக்கையூர். போனில் அளந்து பார்த்ததில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். வரைந்தபோது இதன் மேல்தான் எனக்கு நாட்டம் குறைவாக இருந்தது, ஏனென்றால் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. படம் போட்டவரும் இல்லை. மாமாவின் காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் இதன் சிறப்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேற்கே பார்த்து நடந்தால் வாடை முதுகில் படும். காலை வெயிலும் முதுகில்தான். கடல் இடக்கைப் பக்கம், அடங்கிக் கிடக்கும். பின்னாலேயே கிழக்குக் கடற்கரைச் சாலை கூட வருவதால், கால் முடியாமல் போனால் எந்த ஊரிலிருந்தும் ஒரு பேருந்தைப் பிடித்துவிடலாம். இதையே மூக்கையூரிலிருந்து கிழக்கே நடந்தால் காற்று முகத்தில் அறையும், காலை முழுக்கக் கண் கூசும். வழியைத் தேர்ந்தால் மட்டும் போதாது, எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதையும் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை கடலுக்குள் வரிசையாகத் தீவுகள். 21 என்று கணக்கு. 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையைத் தடுத்து உடைத்துவிடுகின்றன. அதனால் வேதாளைக்கும் கீழக்கரைக்கும் நடுவே பல இடங்களில் தண்ணீர் ஆடாமல் கிடக்கும். வாடைக் காலத்தில் அடிமணல் கலங்காது. ஆழத்துக்கு ஆழம் நிறம் மாறும்: கரையோரம் வெளிர்பச்சை, பவளப்பார் இருக்குமிடம் பழுப்பு, அதைத் தாண்டினால் கருநீலம். கச்சான் காலத்தில் இதே இடத்தில் கலங்கிய தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். எந்த அழகைத் தேடிக் கிளம்பினேனோ அது காற்றோடு சேர்ந்தே வந்தது.

தீவுகளை எண்ணும்போது மாமா ஒரு விஷயம் சொன்னார். கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டி இப்போது இல்லை, கடலுக்குள் போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் அப்படியே. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் தீவுகளுக்கு அரண் போய்விட்டது. 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள், வைத்துவிட்டு நடங்கள்.

காற்றுக்கு அடுத்தது தண்ணீர். இதில்தான் அதிக நாள் செலவழித்தேன்.

தீவுகளின் பெயரைக் கவனித்துப் பாருங்கள். நல்லதண்ணித் தீவு என்று ஒன்று, உப்புத்தண்ணித் தீவு என்று இன்னொன்று. மணலின் நிறத்தையோ மரத்தின் உயரத்தையோ பார்த்துப் பெயர் வைக்க எத்தனையோ இருந்தும், இங்கே கடலோடிகள் முதலில் பார்த்தது குடிக்க முடியுமா முடியாதா என்பதை. அந்தப் பெயர்களைப் படித்த அன்று வரைபடத்தை எடுத்து, நீலக் கோட்டில் தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினேன். ஊர்க் கிணறு, பள்ளிவாசல், கோயில் வாசல் குழாய், டீக்கடை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 8 கிலோமீட்டருக்குமேல் போனால் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டேன். வாலிநோக்கத்துக்கு மேற்கே பெரிய வட்டம் விழுந்தது. அங்கே அரசு உப்பளம் பரந்து கிடக்கிறது; ஒரு கையில் கடல், மறுகையில் உப்பு. குடிநீரை நாம்தான் சுமக்க வேண்டும். மணலில் என் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டருக்குள்தான். ஈரமணல் கிடைக்காத இடத்தில் அதுவும் இல்லை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் நாலு லிட்டர் என்று குறித்துக்கொண்டேன். மற்ற நாட்களுக்கு இரண்டரை போதும்.

ஊற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், சின்ன வயதில் பார்த்தும் இருக்கிறேன். இந்த முறை புதுமடத்தைத் தாண்டியதும் ஒரு அம்மாவிடம் முறையாகக் கற்றுக்கொண்டேன். கடலிலிருந்து நூறடி தள்ளி, பனைகளுக்குக் கீழே மணல்மேடு. அதன் சரிவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. சரியாமல் இருக்கச் சுற்றிலும் பனமட்டை செருகியிருந்தது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கொட்டாங்குச்சியைச் சாய்த்து, தண்ணீரின் மேல்தோலை உரிப்பது போல மொண்டு குடத்தில் ஊற்றினார். நாலு முறை மொண்டால் குழி காலி. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மணலின் பக்கவாட்டிலிருந்து கசிந்து, முதலில் கலங்கலாக, பிறகு மணல் அடியில் படிந்து தெளிவாக, மறுபடி ஒரு சாண் தண்ணீர் நிற்கும்.

நான் ஆசையில் கொட்டாங்குச்சியை ஆழமாக விட்டேன்.

"அடியில கலக்காதத்தா, உப்பு ஏறிரும். மேலாக்க மொள்ளு."

அவர் சொன்னதன் காரணம் எளிது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத்தண்ணீர் கனமானது, நல்லதண்ணீர் லேசு. மேடு எவ்வளவு பெரியதோ, மழை எவ்வளவு பெய்ததோ அவ்வளவுதான் அந்த மிதக்கும் தண்ணீர். மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே வந்துவிடும். மணலை அள்ளிக்கொண்டு போனால் ஊற்றே போய்விடும். கொட்டாங்குச்சியின் அளவு அந்த மேட்டுக்கு ஏற்ற அளவு. தண்ணீர் லேசான இனிப்பாக, பனைவேரின் வாசத்தோடு இருந்தது. ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ள அவரே மொண்டு ஊற்றினார். காசு வாங்கவில்லை. அவர் முன்னால் பையைத் திறந்ததற்கே எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

நாளைத் தேர்ந்தெடுத்தது நிலவை வைத்து. வேதாளை, மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதம் முழுக்கக் கடலில் இறங்குவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் போகிறார்கள். அந்த நாட்களில் வற்றம், அதாவது கடல் உள்வாங்குவது, அதிகம்; பாறை தட்டுப்படும், பாசி கைக்கு எட்டும். வற்றம் அதிகமென்றால் கரையில் ஈரமணலும் அகலமாகக் கிடைக்கும், அது நடப்பவருக்குத் தார்ச்சாலை மாதிரி. தை அமாவாசையைத் தவிர்த்தேன், சேதுக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் திதி கொடுக்க வரும் கூட்டத்தில் திண்ணைகூடக் கிடைக்காது. மாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

அப்படிக் கிளம்பியதால்தான் முதல் நாள் காலையில் வேதாளைக் கரையில் அந்தப் பெண்களைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் மணலில் உட்கார்ந்து, கிழித்த சேலைத்துணியை ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலில் தொடங்கி, கணுவுக்குக் கணு இறுக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பார்கள். பாறையில் பாசியைப் பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்க அது. மேலே ஆண்கள் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடி. ஒருவர் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கனமா? மூக்கையூருக்கா? புருசன் எங்க?"

"வீட்டுல."

"நல்லது. நடந்து பாரு. நாங்களும் தண்ணிக்குள்ள தனியாத்தான் கிடக்கோம்."

இரவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் தனியாக நடக்கிறாள் என்றால் வழியைத் தீர்மானிப்பது பகல்களைவிட இரவுகள்தான். முன்னோட்டமாகப் போயிருந்த ஒரு முறை, ஒரு ஊரில் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட ஆம்பளை இல்லாமல் அறை தர முடியாது என்றார். ஆதாரைக் காட்டினேன், மதுரை விலாசத்தைச் சொன்னேன், பயனில்லை. மாலை ஆறரை மணி. கடைசிப் பேருந்தைப் பிடித்து ராமநாதபுரத்துக்குத் திரும்பினேன். சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. அன்று பேருந்தில் உட்கார்ந்து வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் நடையை அதற்காகக் கைவிட மனமில்லை. வழியைத் தூரத்தால் பிரிப்பதை விட்டுவிட்டு, எனக்குக் கதவு திறக்கும் வீடுகளால் பிரித்தேன். புதுமடத்தில் என்னோடு வேலை செய்பவரின் உம்மா வீடு. சேதுக்கரையில் மாமா வீடு. ஏர்வாடியில் தர்காவுக்கு வரும் குடும்பங்களுக்கான விடுதிகள் நிறைய. தனியாக வரும் பெண்கள் அங்கே புதிதில்லை, போனிலேயே பேசி முடித்தேன். வாலிநோக்கத்தில் அத்தையின் தோழி. அதனால் ஒரு நாள் 12 கிலோமீட்டர், ஒரு நாள் 20 என்று ஏறுமாறாக அமைந்தது. அது எந்தக் குறையும் இல்லை.

கூடாரம் போடலாமே என்று பலர் கேட்டார்கள். இந்தக் கரையில் வேண்டாம். இலங்கை எதிரே இருக்கும் கரை. இரவில் ரோந்து உண்டு. டார்ச் வெளிச்சத்தோடு மணலில் ஓர் ஆள் கிடந்தால் கேள்வி வரத்தான் செய்யும். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும்; வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிப் போய்விடும். ஒரு ராத்திரி நட்சத்திரம் பார்க்கும் ஆசைக்கு ஓர் ஆமையின் பயணத்தை வீணாக்குவது நியாயம் இல்லை. கிளம்புமுன் கடலோரக் காவல் நிலையத்தில் பெயர், வழி, நாட்கள் எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய 1093 எண்ணை அட்டையில் எழுதிப் பையின் வெளியறையில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்த காவலர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார். சேதுக்கரைக்கு என்றதும் மாமா பெயரைக் கேட்டார், மாமாவிடம் போனில் பேசினார். "முகத்துவாரத்துல இறங்காதீங்கம்மா, சுத்திப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் முடிந்த பிறகும் சில வாய்க்கால்கள் மணலை உடைத்துக்கொண்டு கடலில் விழும். பார்க்க முழங்கால் தண்ணீர் மாதிரி இருக்கும். தேவிபட்டினத்துச் சேற்றை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஊர்ப்பாலம் வழியாகவே கடந்தேன்.

சாமான்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பி, இரண்டு மாற்றுடை, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், விசில். ஆனால் செருப்பின் அடி தடிமனாக இருக்கட்டும். மணல்மேட்டுக்கு மேலே ஏறினால் குடைபிடித்த மாதிரி உடைமரங்கள் நிற்கும். இந்தக் கரையில் நடுப்பகலுக்கு அதுதான் நிழல், ஆடுகளும் அதன் கீழேதான் படுத்திருக்கும். அதன் முள் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, ஊசி மாதிரி நேராக இருக்கும். மெல்லிய செருப்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். நிழலில் உட்காருமுன் ஒரு குச்சியால் மணலைக் கூட்டிவிட்டு உட்காருங்கள்.

நடந்த கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. பெரியபட்டினத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்து சீனப் பீங்கான் ஓடுகளை எடுத்த ஊர் அது. இன்று அங்கே சைக்கிளில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். மூன்றாம் நாள் கீழக்கரையில் தொதல் வாங்கினேன். கால் கிலோ, வாழையிலையில் வைத்துத் தந்தார்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்த இனிப்பு நடப்பவருக்கு எந்தச் சாக்லேட்டையும்விடத் தாங்கும், வெயிலில் உருகி ஒழுகாது. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பியபோது அப்பாத் தீவு ஒரு பச்சைக் கீறலாகத் தெரிந்தது.

வாலிநோக்கத்திலிருந்து மூக்கையூர் வரை கடைசி நாள். விடியுமுன் நாலரைக்கே கிளம்பினேன். அத்தையின் தோழி எழுந்து இட்லி கட்டிக் கொடுத்து, தெருமுனை வரை நாய்களை விரட்டிக்கொண்டு வந்தார். நிலவு இறங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் வரிசையாக வெளுத்துத் தெரிந்தது. கடல் அலையடிக்கவில்லை, கரையை நக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு மணி நேரம் ஒரு மனிதரைப் பார்க்கவில்லை. இந்த ஒரு காலைக்காகத்தான் தனியாக வந்தேன் போல என்று இருந்தது. வெயில் ஏறியபோது முதல் மூன்று லிட்டர் முடிந்திருந்தது. முந்தலுக்கு நேரே கடலுக்குள் நல்லதண்ணித் தீவு தெரிந்தது. அனுமதி இல்லாமல் போகக் கூடாத இடம். கரையில் நின்று பார்த்தேன். மாரியூரில் பூவேந்தியநாதர் கோயில் வாசலில் குழாய். சிவன் வலைவீசிச் சுறாவைப் பிடித்த திருவிளையாடலைத் தன் கதையாகச் சொல்லும் கோயில் அது. பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, கோபுர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். பனையிலிருந்து இறங்கிய ஒருவர் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். ஓலை மடிப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்கை வழியாக ஒழுகும்.

மூக்கையூருக்கு மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சாயல்குடிப் பேருந்துக்காக நின்றபோது மாமா கூப்பிட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு, காற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்றார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெற்கே திரும்பியிருக்கிறது என்றேன். அப்படியென்றால் இன்னும் பத்து நாளில் இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கும் என்றார்.

பச்சைக் கோட்டை நான் அழிக்கவில்லை. ஆடியில் கச்சான் அடிக்கும்போது பெண்கடல் கரை அடங்கிக் கிடக்கும், சேறும் அதற்குள் காய்ந்து இறுகியிருக்கும். வெயில் கடுமை என்பதால் மூன்று நாள் மட்டும். தேவிபட்டினத்திலிருந்து தெற்கே, பனைக்குளம், அழகன்குளம் வழியாக, வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை வரை. ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு கிளம்ப வேண்டும். தண்ணீர்ப் புள்ளிகள் ஏழு கிடைத்திருக்கின்றன. இரண்டாவது இரவுக்கு ஒரு வீடு விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.